ஒரு தங்கை, லண்டன்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு, பார்த்த வேலையைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். வைத்தியர்கள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள் எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்களாம். "உங்கட வேலைக்குத் தமிழில பேரே இல்லை அண்ணை, அதுதான் கேக்கிறன்" என்றார். உண்மைதான். மனிதர்களின் வாழ்க்கையைப் பன்னிரண்டு வரிக்குள் அடக்கி எழுதுவது என் வேலை. அதைப் பதினேழு வருடம் லண்டனில் செய்தேன். அந்த வேலையில் பெருமையாகச் சொல்லச் சில விடயங்கள் உண்டு. நான் எழுதப்போவது அவற்றை அல்ல.

உலகத்து அமைச்சர்கள், நீதிபதிகள், தளபதிகள் ஆகியோரைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து வருடத்துக்கு ஒரு தடித்த புத்தகம் போடும் பதிப்பகம் அது. நூலகங்களும் தூதரகங்களும் செய்தித்தாள் அலுவலகங்களும் அதை வாங்கின. இப்போது ஒரு நிமிடத்தில் கைபேசியில் கிடைப்பதற்கு அன்று ஒரு மாடியும் ஏழு பேரும் சுவர் நீளத்துக்கு அட்டை இழுப்பறைகளும் தேவைப்பட்டன.

யாழ்ப்பாணத்தில் சரித்திர ஆசிரியராக இருந்துவிட்டு, சட்டம் படிக்க வந்து, அதை முடிக்காமல், எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பத்திரிகை வெட்டி ஒட்டினேன். பிறகு தென்கிழக்கு ஆசியாவை என்னிடம் தந்தார்கள். "அந்தப் பக்கத்து ஆள்தானே" என்பது காரணம். யாழ்ப்பாணத்துக்கும் ஹனோய்க்கும் உள்ள தூரத்தை நான் யாருக்கும் விளக்கப் போகவில்லை.

எங்கள் பகுதிக்குத் தலைவி மிஸ் பெல்லிங். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, குரலை உயர்த்தாதவர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் இரண்டு கேள்விதான் கேட்பார். "யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது?" ஒவ்வொரு வரிக்கும் ஒன்றையொன்று பாராத இரண்டு ஆதாரம் வேண்டும். அவற்றை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, நம் பெயரின் முதலெழுத்தை இட வேண்டும். அவருக்குத் திருப்தியானால் பச்சைப் பென்சிலால் ஒரு சிறிய சரி போடுவார். திருப்தியில்லையென்றால் திட்டமாட்டார். அட்டையை எங்கள் மேசையில் குப்புற வைத்துவிட்டுப் போவார். அதை யார் நிமிர்த்துகிறாரோ அவரே பொறுப்பு. பதினேழு வருடத்தில் அவர் என்னைக் கடிந்துகொண்டது கிடையாது. குப்புறக் கிடந்த அட்டைகளை எண்ணினால் ஒரு இழுப்பறை நிறையும்.

என்னிடம் வந்த அட்டைகளில் ஒன்று வியட்நாமிய அம்மையார் ஒருவருடையது. அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். ஊரையும் வருடங்களையும் கொஞ்சம் குழப்பித்தான் தந்திருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அவர் தொழிலால் மருத்துவிச்சி. தென்பகுதிச் சிறையில் சில வருடம் இருந்தார். யுத்தகாலத்தில் காட்டு வைத்தியசாலை ஒன்றை நடத்தினார். சமாதானம் வந்தபின் சுகாதாரத் துணை அமைச்சரானார், பிறகு மாதர் சங்கத் தலைமை, பிறகு கட்சியின் மத்தியக் குழு. இவ்வளவையும் ஹனோயிலிருந்து வரும் ஆங்கில வாரப் பத்திரிகையின் பெயர்ப்பட்டியல்களிலிருந்து பொறுக்கினேன். அந்த நாட்டுச் செய்தியில் விழாவில் யார் என்ன பேசினார் என்பதைவிட, வந்தவர்களின் பெயர் எந்த ஒழுங்கில் அச்சாகியிருக்கிறது என்பதே முக்கியம். அகரவரிசை அல்ல, அதிகார வரிசை. எண்பதுகளின் நடுவில் அம்மையார் இருபத்தாறாவது. இரண்டு வருடத்தில் பதினெட்டு. படங்களில் பின்வரிசை இடது ஓரத்தில் நின்றவர் முன்வரிசைக்கு வந்தார். தொண்ணூறுகள் பிறக்கும்போது தேசிய சபையின் துணைத் தலைவர்களில் ஒருவர், பட்டியலில் பதினொன்று. அந்த வரிசையில் வேறு பெண் இல்லை.

எனக்கு அவர்மேல் ஒரு பற்று ஏற்பட்டிருந்தது. அந்த நாட்களில் லண்டனில் எங்கள் ஆட்களின் கூட்டங்களில் விடுதலைப் போருக்கு உதாரணமாக வியட்நாம் என்ற சொல் வராமல் ஒரு பேச்சும் முடியாது. அங்கிருந்து படகில் ஏறி ஓடியவர்களைப் பற்றி அந்த மேடைகளில் ஒருவரும் பேசியதில்லை. நாங்களும் ஓடிவந்தவர்கள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவருடைய அட்டையில் கீழ்ப்பாதி வெறுமை. பிறந்த ஊர், தகப்பன், தாய், மணம், குடும்பம் ஒன்றும் இல்லை. குடும்பம் என்ற இடத்தில் சிறிய கோடு ஒன்று போட்டிருந்தேன். ஆறு வருடம் அந்தக் கோடு என்னை உறுத்தியது. எங்கள் மரண அறிவித்தல்களை நீங்கள் வாசித்திருப்பீர்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னார் (கனடா), இன்னார் (ஜேர்மனி), இன்னார் (லண்டன்) ஆகியோரின் அன்புச் சகோதரி. ஆளின் பெயரைவிட அடைப்புக்குறிக்குள் இருக்கும் நாடுகள்தான் முதலில் கண்ணில் படும். உறவும் ஊரும் இல்லாமல் ஒருவரை எழுதினால் அவரை எழுதியதாகவே எங்களுக்குப் படாது. நானும் அப்படி வளர்ந்தவன்தான். இதை ஒரு காரணமாகச் சொல்கிறேன். மன்னிப்புக்காகச் சொல்லவில்லை.

என் மனைவி ராஜி கிழக்கு லண்டனில் கோட் தைக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்தாள். கழுத்துப்பட்டி வைப்பது அவள் வேலை. பக்கத்து மெஷினில் ஒரு வியட்நாமியப் பெண். எழுபதுகளின் கடைசியில் படகில் ஹொங்கொங் போய், முகாமில் கிடந்து, இங்கே வந்தவர். அந்தக் கூடத்தில் பாதிப்பேர் எங்கள் பெண்கள். அவர்களைப் பார்த்து இவரும் ராஜியை அக்கா என்று கூப்பிடுவார், என்னை வாத்தியார் என்பார். கவுன்சில் வீட்டுக்கு விண்ணப்பம் நிரப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் பேசியது தையல்கூடத்து ஆங்கிலமும் அங்கே பொறுக்கிய தமிழும். அதை எங்கள் பேச்சாக்கித் தருகிறேன்.

ஒரு ஞாயிறு மேசையில் அந்த ஹனோய்ப் பத்திரிகை கிடந்தது. முன்பக்கத்தில் அம்மையாரின் படம். விருந்தாளி தன் தேநீர்க் கோப்பையை அந்த முகத்தின்மேல் வைத்தார். கவனப்பிசகு என்று நினைத்து நான் கோப்பையை நகர்த்தினேன். அவர் மறுபடி அதை அங்கேயே வைத்தார்.

"அக்கா" என்றார்.

"என்னப்பா?" என்றாள் ராஜி.

"உங்களை இல்லை. கோப்பைக்குக் கீழ இருக்கிறா."

ராஜி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மூக்கு அப்பிடியே இருக்கு" என்றாள். "இவ்வளவு நாளும் பக்கத்தில இருந்து தைக்கிறன், உம்மட அக்கா அரசாங்கத்தில இருக்கிறா எண்டு ஒரு சொல்லுச் சொன்னனீரே?"

"சொன்னா என்ன செய்வியள்? கழுத்துப்பட்டி நேரா வருமோ?"

அடுத்த நாலைந்து ஞாயிறுகளில் என் அட்டையின் வெறுமை நிறைந்தது. ஆற்றோரச் சிறு பட்டினம். தகப்பன் மருந்துக்கடைக்காரர். தாய் இளவயதில் இறக்க, பத்து வயது மூத்த அக்காதான் தங்கையை வளர்த்தார். தலை இழுத்துப் பின்னிவிட்டது, எழுத்துச் சொல்லிக் கொடுத்தது, சிறைக்குப் போகும் அன்று கடைச் சாவியைக் கையில் தந்துவிட்டுப் போனது எல்லாம் சொன்னார். நான் கேட்காததையும் சொன்னார். அக்காவைப் பற்றிப் பேச அவருக்கு லண்டனில் வேறு ஆள் இருக்கவில்லை. பாரிஸில் இருந்த மச்சாள் ஒருத்தி மூலமாக வருடத்துக்கு ஒரு கடிதம் வரும், போகும். அவ்வளவுதான் தொடர்பு.

கடைசி ஞாயிறு வாசலில் சப்பாத்துப் போடும்போது சொன்னார். "அக்காவை எழுதுங்கோ வாத்தியார். என்னை எழுத வேண்டாம்."

"இல்லை, எழுதமாட்டன்" என்றேன். ராஜி பக்கத்தில் நின்றாள்.

எழுதினேன். பெயர் போடவில்லை. குடும்பம் என்ற இடத்தில் கோட்டை அழித்துவிட்டு, "ஒரு தங்கை, லண்டன்" என்று எழுதினேன். பெயர் இல்லாதபடியால் கொடுத்த வாக்கை மீறவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மிஸ் பெல்லிங் அட்டையை நீண்ட நேரம் பார்த்தார். ஊருக்கும் தகப்பனுக்கும் பழைய பிரெஞ்சு விவரக்கொத்து ஒன்றில் இரண்டாவது ஆதாரம் பிடித்திருந்தேன். அவற்றுக்கெல்லாம் பச்சை சரி விழுந்தது. கடைசி வரியில் பென்சில் நின்றது.

"யார் சொன்னது?"

"அந்தத் தங்கையே."

"இந்த வரி தேவையா, மிஸ்டர் நாதன்?"

"இது இல்லையென்றால் அவருக்கு ஒருவரும் இல்லை என்று ஆகிவிடும்."

"இல்லை. எங்களுக்குத் தெரியாது என்றுதான் ஆகும்." அட்டையைக் குப்புற வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் நிமிர்த்திக்கொண்டு அவரிடம் போனேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பெண் இதற்குச் சம்மதித்தாரா?"

"ஆம்" என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதியது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அந்தச் சொல்லுக்கு இரண்டு ஆதாரம் அல்ல, ஒன்றுகூட இல்லை. எங்கள் மரபு, உறவு, ஊர் என்று மேலே சொன்னதெல்லாம் பாதிதான். மறுபாதி இது: அந்த அம்மையாரைப் பற்றி உலகத்தில் வேறெந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வரி என் கையால், என் வீட்டு மேசையிலிருந்து வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு குறிப்பின் புரூஃபையும் உரியவருக்கு அனுப்புவோம். அந்த நாட்டவருக்கென்றால் லண்டன் தூதரகம் வழியாகப் போகும். ஆறு கிழமை காத்திருப்போம். ஹனோயிலிருந்து ஒரு புரூஃபும் அதுவரை திரும்பி வந்ததில்லை. அங்கே ஒருவரும் வாசிப்பதில்லை என்றே நினைத்திருந்தேன்.

அதே மாதங்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வசந்தகாலத்தில் வியட்நாமிலிருந்து ஒரு தூதுக்குழு லண்டன் வர இருந்தது. குழுவின் பட்டியலில் அம்மையார் மூன்றாவது. மருத்துவிச்சி என்றபடியால் ஒரு பிரசவ வைத்தியசாலையைப் பார்வையிடுவதும் நிகழ்ச்சியில் இருந்தது. பாரிஸ் மச்சாள் வழியாகச் செய்தி வந்தது: வைத்தியசாலையின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் தங்கை பூக்கொத்தோடு நின்றால், அக்கா நின்று பேசுவார். பத்து நிமிடம். பார்ப்பவர்களுக்கு அது யாரோ ஒரு வியட்நாமியப் பெண் பூக்கொடுப்பது.

தங்கை அக்காவுக்கு ஒரு கோட் தைத்தார். நல்ல கம்பளித் துணி, கடும் நீலம். வேலை முடிந்தபின் அரை மணி நேரம், பல நாட்கள். கழுத்துப்பட்டியை ராஜி வைத்தாள்.

"அளவு எப்பிடித் தெரியும்?" என்று ராஜி கேட்டாளாம்.

"என்ர அளவுக்குத் தைக்கிறன். அவவின்ர பழைய சட்டை எல்லாம் எனக்குத்தானே வந்தது. இப்ப என்ரை அவவுக்குப் போகட்டும்."

அம்மையாரின் புரூஃபை அனுப்பி நாலாவது கிழமை தூதரக உறை ஒன்று என் மேசைக்கு வந்தது. உள்ளே அந்தப் புரூஃப். ஹனோயிலிருந்து திரும்பி வந்த முதல் புரூஃப் அதுதான். கடிதம் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஒரு வருடம் நீல மையால் திருத்தப்பட்டிருந்தது. கடைசி வரி அளவுகோல் வைத்து இரண்டு நீலக் கோடுகளால் வெட்டப்பட்டிருந்தது.

இந்தத் தொழிலில் கடதாசியை வாசிக்கப் பழகிவிடுவோம். யன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெட்டிய வரிக்குக் கீழே ஒரு சிவப்புப் பென்சில் கோடும் ஓரத்தில் சிவப்பில் ஒரு சிறு குறியும் இருந்தன. ஓரத்தில் அந்தக் குறியைக் கடக்கும் இடத்தில் நீலம் மேலே, சிவப்பு அடியில். அப்படியென்றால் யாரோ ஒருவர் அம்மையாருக்கு முன்னமே அதை வாசித்து, அந்த வரியில் நின்று, கோடு போட்டிருக்கிறார். அதன்பிறகுதான் அது அவர் கைக்குப் போயிருக்கிறது. அதே கை வழியாகத்தான் திரும்பியும் வந்திருக்கும், ஆகவே அவர் வெட்டியதும் அந்த ஆளுக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்துத் தூதுக்குழுவின் புதிய பட்டியல் வந்தது. மூன்றாவது இடத்தில் ஓர் ஆணின் பெயர். அம்மையாருக்குச் சுகமில்லை என்றார்கள்.

அலுவலகக் கடதாசியை வெளியே கொண்டுபோகக்கூடாது. கொண்டுபோனேன். வீட்டில் ராஜியிடம் காட்டினேன்.

"எழுதமாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"பேர் போடேல்லை, ராஜி."

"லண்டன் எண்டு போட்டனீங்கள் தானே. இனி என்ன மிச்சம்? மெஷின் நம்பரோ?"

நான் புரூஃபை மடித்து உறைக்குள் வைத்தேன். "நாளைக்கு அவ வருவா" என்றாள். "நீங்களே சொல்லுங்கோ. எனக்கு ஏலாது."

மறுநாள் சொன்னேன். தங்கை புரூஃபை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நீலக் கோட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார்.

"அக்காவின்ர கை. அப்பாவின்ர மருந்துப் புத்தகத்தில பிழை விட்டா இப்பிடித்தான் வெட்டுவா. அளவுகோல் வைச்சு, ரெண்டு கோடு."

பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கட நாட்டில உத்தியோகத்துக்குப் போறவை எல்லாரும் தங்கட வாழ்க்கையை எழுதிக் குடுக்கோணும் வாத்தியார். அப்பா ஆர், அம்மா ஆர், சகோதரம் எங்க எண்டு. ஒவ்வொருக்கா உயரேக்கையும் திரும்ப எழுதோணும். அக்கா எழுதினதில நான் கடலில செத்துப்போனன். படகு மூழ்கிப்போச்சு. அப்பிடி எழுதினபடியால்தான் அவ இவ்வளவு தூரம் வந்தவ."

அந்த வாழ்க்கைப் பத்திரங்களைப் பற்றி எனக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி விவரமாக ஓர் அட்டையே எழுதி வைத்திருந்தேன். எட்டு இழுப்பறை தள்ளி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் ராஜியிடம், "கோட்டுக்குப் பொத்தான் வைக்கேல்லை அக்கா, நல்லதாப் போச்சு" என்றார்.

புத்தகம் அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருந்தது. எங்கள் விதி கறாரானது. உரியவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு தகவலை எடுக்க முடியாது. பிழை என்று நிறுவினால்தான் எடுக்கலாம். நான் அட்டையை எடுத்து, "ஒரு தங்கை, லண்டன்" என்பதை வெட்டினேன். பக்கத்தில் "ஒரு தங்கை, கடலில் இறந்தவர், அச்சிட வேண்டாம்" என்று எழுதி, பின்பக்கத்தில் ஆதாரத்தை எழுதி என் முதலெழுத்தை இட்டு, புரூஃபோடு மிஸ் பெல்லிங்கிடம் கொண்டுபோனேன்.

அவர் புரூஃபை யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். நான் பார்த்த அதே இடத்தைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு அட்டை.

"இறந்துவிட்டார் என்று யார் சொன்னது?"

"அவருடைய தங்கை."

மிஸ் பெல்லிங் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய இரண்டாவது கேள்வி வரவில்லை. நான் சம்மதம் என்று சொன்ன நாள் அவர் நினைவில் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பச்சைப் பென்சிலை எடுத்து, ஒற்றை ஆதாரம் உள்ள அந்த வரிக்குச் சரி போட்டார். "இந்த அட்டையை இனி வெளியாருக்குப் பார்க்க இரவல் கொடுக்க வேண்டாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. புத்தகம் குடும்பம் என்ற இடத்தில் ஒன்றுமில்லாமல் வெளிவந்தது.

அடுத்த வருடப் பட்டியல்களில் அம்மையார் பதினேழாவது. பிறகு இருபத்து நாலு. பிறகு ஓய்வு என்று இரண்டு வரிச் செய்தி. அவருக்கு வயதும் ஆகியிருந்தது. அந்த நாட்டில் அந்த வருடங்களில் பலர் இறங்கினார்கள். என் வரிதான் காரணம் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுதவும் ஆதாரம் இல்லை. என் தொழிலின் விதிப்படி அந்த இடத்தில் ஒரு சிறிய கோடுதான் போட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் போனது மட்டும் நிச்சயம். பாரிஸ் வழியாக வந்த கடிதங்களும் நின்றுபோயின.

தங்கை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. ராஜியிடம் வருவார். என்னை வாத்தியார் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேறு பெயராலும் கூப்பிடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எல்லாம் கணினிக்குப் போனது. அட்டைகளைக் கழிக்கப் போகிறோம், நினைவுக்கு வேண்டியவர்கள் ஒன்றிரண்டை எடுக்கலாம் என்றார்கள். மற்றவர்கள் பிரதமர்களையும் நடிகைகளையும் எடுத்தார்கள். நான் ஒன்றுதான் எடுத்தேன். மிஸ் பெல்லிங் அப்போது ஓய்வுபெற்றுப் போயிருந்தார்.

அதற்குச் சில மாதம் முன்னர் ஹனோய்ப் பத்திரிகையில் அம்மையாரின் மரணச் செய்தி வந்திருந்தது. வகித்த பதவிகள், பெற்ற பதக்கங்கள், அஞ்சலி செலுத்தியவர்கள் வரிசைப்படி. உறவினர் என்று ஒருவரும் இல்லை. அந்தச் செய்தியை ராஜிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அட்டையை நானே கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு அவர் வந்தபோது கடும் நீலக் கோட்டைத் தானே போட்டிருந்தார். பொத்தான்கள் வைக்கப்பட்டிருந்தன. அட்டையை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியும் என்ன என்று சொன்னேன். கடைசி வரியை அவரே வாசித்தார். கடலில் இறந்தவர். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இதை ஆர் சொன்னதெண்டு போட்டிருக்கு?"

"நீங்கள் சொன்னதெண்டுதான்."

"இந்தப் பச்சை?"

"என்ர மேலதிகாரி. சரி எண்டு போட்டவ."

"நான் சாகேல்லை எண்டு அவவுக்குத் தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லை. கடைசிவரைக்கும்."

அவர் ராஜியைப் பார்த்துத் தலையசைத்தார். "உங்களுக்குள்ள வாய் மூடத் தெரிஞ்சது அந்த மனுசி ஒராள்தான், அக்கா" என்றார்.

ராஜி என்னைப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

தங்கை அட்டையைக் கோட்டின் உள்பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு, தேநீரைக் குடித்து முடித்தார்.